எந்தக் காட்டுல மக்கா இந்தக் கலர் இருக்கு?

போன பொங்கலுக்கு அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திறங்கினான். கால்சட்டை முழுக்கத் திட்டுத் திட்டாக ஊதா, ரோஸ், கறுப்பு. நம்ம ஊரில் 'மிலிட்டரி டிசைன்' என்று சொல்வோமே, அதே அச்சுதான். நிறம் மட்டும் கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். பட்டாளத்தில் 17 வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வேறு எதுவும் கேட்கவில்லை. "எந்தக் காட்டுல மக்கா இந்தக் கலர் இருக்கு?" என்றார்.

பையன் சிரித்துச் சமாளித்தான். எனக்குத்தான் அந்தக் கேள்வி மண்டைக்குள் நின்றுவிட்டது. ஆள் தெரியக் கூடாது என்பதற்காகக் கண்டுபிடித்த துணி, ஆள் தெரிய வேண்டும் என்று வாங்கிப் போடுகிற துணியாக எப்படி மாறியது? குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவரின் தொப்பியிலும், மார்த்தாண்டம் சந்தையில் தொங்கும் பள்ளிப் பையிலும், ஆட்டோ சீட்டிலும் இந்தத் திட்டுகள் வந்து உட்கார்ந்தது எப்படி? தேடிப் போனால் வழி நான் நினைத்ததைவிட வளைந்து கிடந்தது. சிப்பாய்க்கு முன்னால் ஓவியர் நிற்கிறார். ஓவியருக்கு முன்னால் மீன் நிற்கிறது.

சரி, மீனிலிருந்தே தொடங்குவோம்.

குளச்சல் கடற்கரையில் காலை ஏலத்துக்குக் கொட்டிக் கிடக்கும் அயிலையில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதுகு கருநீலமும் கரும்பச்சையும். வயிறு வெள்ளி. சாளையும் அப்படித்தான், சூரையும் அப்படித்தான். மேலே பறக்கும் கடற்பறவை குனிந்து பார்த்தால் கருத்த முதுகு கருத்த தண்ணீரோடு சேர்ந்துவிடும். அடியிலிருந்து பெரிய மீன் அண்ணாந்து பார்த்தால் வெள்ளை வயிறு வெளிச்சத்தோடு சேர்ந்துவிடும். இவ்வளவும் யாரும் ஊகிக்கக்கூடியது. பக்கவாட்டில் பார்க்கும்போது நடப்பதுதான் வேடிக்கை.

வெளிச்சம் மேலிருந்து விழுவதால் எந்த உருண்டைப் பொருளும் மேலே வெளுத்தும் அடியில் இருண்டும் தெரியும். அந்த நிழலை வைத்துத்தான் 'இங்கே ஒரு பொருள் இருக்கிறது' என்று நம் கண் முடிவுக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஒரு வட்டம் போட்டு, அடிப்பக்கத்தைப் பென்சிலால் தேய்க்கச் சொல்வார். வட்டம் பந்தாகிவிடும். மீன் உடம்பு இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறது. வெளிச்சம் விழும் இடத்தில் கருமை, நிழல் விழும் இடத்தில் வெண்மை. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிட, உருண்ட மீன் தட்டையாகித் தண்ணீரில் கரைந்துபோகிறது.

இதை 1896-ல் எழுதி விளக்கியவர் அபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். விலங்கியல் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, ஒரு ஓவியர் கண்ணில் இது பட்டதில் ஆச்சரியமில்லை. வாழ்நாள் முழுக்க நிழல் தீட்டி உருவத்தை எழுப்புகிறவருக்கு, யாரோ நிழலை அழித்து உருவத்தைப் படுக்க வைக்கிறார்கள் என்றால் உடனே புரியும்தானே. ஆனால் மனிதர் அதோடு நிற்கவில்லை. எல்லா விலங்கின் எல்லா நிறமும் மறைந்துகொள்ளத்தான் என்று சாதிக்க ஆரம்பித்தார். பூநாரை ஏன் ரோஸ் நிறம்? சூரியன் மறையும் வானத்தோடு சேர்ந்துகொள்ளவாம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்காரர், காட்டில் அலைந்தவர். அவர் இதைக் கடுமையாகக் கிண்டலடித்து எழுதினார். பூநாரை விஷயத்தில் ரூஸ்வெல்ட் பக்கம்தான் நியாயம். அயிலை விஷயத்தில் தேயர்தான் சரி.

அதே ஏலத்தில் நாக்கு மீனும் கிடைக்கும். மணலில் படுத்துக் கிடக்கிற மீன் அது. மேல்பக்கம் மணல் மாதிரியே பொட்டுப் பொட்டாக இருக்கும். கணவாய் இன்னும் கெட்டிக்காரன். அதன் தோலுக்குள் சின்னச் சின்ன நிறப்பைகள் இருக்கின்றன. தசை இழுத்தால் பை விரியும், விட்டால் சுருங்கும். கண் மூடித் திறப்பதற்குள் மணலாகும், பாறையாகும். இவ்வளவு நிறம் காட்டுகிற கணவாய்க்கு நிறம் பிரித்துப் பார்க்கும் கண் கிடையாது என்பது ஆராய்ச்சியாளர்களை இன்னும் பேச வைக்கிறது. பச்சோந்தியை நாம் வீணாக இந்தக் கணக்கில் சேர்த்துவிட்டோம். அது நிறம் மாறுவது பெரும்பாலும் இன்னொரு பச்சோந்தியிடம் கோபத்தையோ ஆசையையோ சொல்வதற்கும், உடம்புச் சூட்டைச் சரி செய்வதற்கும்தான். அரசியல்வாதியைத் திட்ட வேறு உவமைதான் தேட வேண்டும்.

அடுத்து, திட்டுகள். பேச்சிப்பாறைக்கு மேலே போனால் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். அங்கே புலி உண்டு. ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் பட்டை போட்ட அவ்வளவு பெரிய மிருகம் பச்சைக் காட்டில் எப்படி ஒளிகிறது? மிளாவின் கண்ணை வாங்கிப் பார்த்தால் விடை கிடைக்கும். மான் இனத்துக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நமக்கு ஆரஞ்சாகத் தெரிகிற புலி அதற்குப் பச்சை கலந்த ஏதோ ஒன்று. மீதி வேலையைப் பட்டைகள் பார்த்துக்கொள்கின்றன. ஒரு பொருளைக் கண்டுபிடிக்கக் கண் முதலில் தேடுவது அதன் விளிம்பை: தலை எங்கே முடிகிறது, தோள் எங்கே வளைகிறது, கால் எங்கே இறங்குகிறது. பட்டையும் திட்டும் அந்த விளிம்பைக் குறுக்கே வெட்டிவிடுகின்றன. புலி ஒரு புலியாகத் தெரியாமல் பத்துத் துண்டு புல்லும் நிழலுமாகத் தெரிகிறது.

இந்த இடத்தில் தமிழ்ச் சொல்லுக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். உலகம் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்ட கேமுஃப்ளாஜ் என்ற சொல், பாரிஸ் தெருப்பேச்சில் வேஷம் போடுவதைக் குறித்தது. நாம் வைத்துக்கொண்ட சொல் உருமறைப்பு. மறைய வேண்டியது உரு. நிறம் ஒத்துப்போவது அதில் ஒரு பாதிதான். மிலிட்டரி டிசைன் என்றால் பச்சை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கே இது பிறகுதான் உறைத்தது. அந்தத் துணியில் முக்கியமான வேலை பார்ப்பது திட்டுகளின் வடிவம்.

பட்டாளம் இதைக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் சிப்பாய் சிவப்புக் கோட்டில்தான் சண்டைக்குப் போனான். துப்பாக்கி நூறு கஜம் தாண்டினால் குறி தவறுகிற காலத்தில், புகை மண்டிய களத்தில், நம் ஆள் யார் என்று தெரிவதுதான் பெரிய விஷயம். துப்பாக்கியின் குறி நீள நீள, சிவப்புக் கோட்டு தன் ஆளையே காட்டிக்கொடுக்கும் கோட்டாகியது. 1846-ல் பெஷாவரில் ஆரம்பித்த கைட்ஸ் என்ற படைக்கு அதன் தலைவர் ஹாரி லம்ஸ்டன் மண் நிறத் துணி கொடுத்தார். பாரசீகத்திலும் உருதுவிலும் 'காக்' என்றால் புழுதி. அதுதான் காக்கி. 1857 கலகத்தின்போது பரவி, தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குள் பிரிட்டிஷ் படையே காக்கிக்கு மாறியிருந்தது. புழுதியில் மறைவதற்காகப் பிறந்த அந்த நிறத்தை இன்று வடசேரி பஸ் ஸ்டாண்டில் நூறு பேர் நடுவில் வைத்தாலும் நம் கண்ணில் முதலில் படும். ஹெல்மெட் போடாமல் பைக்கில் வருகிறவனைக் கேளுங்கள்.

பிரான்ஸ் இன்னும் பிடிவாதம். 1914-ல் உலகப் போர் தொடங்கியபோது பிரெஞ்சுக் காலாட்படை சிவப்புக் கால்சட்டையோடு போனது. அதை மாற்ற முன்பே பேச்சு வந்து, மானப் பிரச்சினையாகி நின்றுபோயிருந்தது. இயந்திரத் துப்பாக்கிக்கு மானம் தெரியாது. சில மாதங்களில் ஆயிரமாயிரம் பேர் விழுந்த பிறகு, 1915-ல் வெளிர் நீலச் சாம்பல் உடை வந்தது. அதே ஆண்டு பிரெஞ்சு ராணுவம் உலகில் அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தது: உருமறைப்புக்கென்றே தனிப் பிரிவு. தலைமை, கிரான் த செவோலா என்ற உருவப்பட ஓவியர். அவருக்குக் கீழே ஓவியர்கள், சிற்பிகள், நாடக மேடைக்குத் திரை எழுதியவர்கள். கைப்பட்டையில் சின்னமாகப் பச்சோந்தி. (அதைப் பற்றி மேலே சொன்னதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்.)

அப்போது பாரிஸில் கியூபிசம் என்ற ஓவியப் பாணி சூடாக இருந்தது. ஒரு கிட்டாரையோ முகத்தையோ தட்டையான துண்டுகளாக உடைத்து, எது பொருள், எது பின்னணி என்று பிரிக்க முடியாதபடி கலந்து அடுக்குவது. பீரங்கியின் மேல் வண்ணத் திட்டு பூசும்போது செவோலாவின் ஆட்கள் செய்ததும் அதுவேதான். அந்தப் பாணியிலிருந்து எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பாரிஸ் தெருவில் அப்படி ஒரு பீரங்கி உருண்டு போவதைப் பார்த்த பிகாசோ, இதைச் செய்தது நாங்கள்தான் என்று சொன்னதாக உடனிருந்த எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் பதிவு செய்திருக்கிறார். எதிர்ப்பக்கத்திலும் இதே கூத்து. ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் 1916-ல் பீரங்கிகளை மூடும் படுதாக்களில் விதவிதமான ஓவியப் பாணிகளைப் பரிசோதித்து, அதை மனைவிக்கு உற்சாகமாகக் கடிதம் எழுதினார். மேலே பறக்கும் விமானத்திலிருந்து எது நன்றாக மறைகிறது என்று பார்க்க ஆசை. அடுத்த மாதம் வெர்டன் போர்க்களத்தில் குண்டுச் சிதறல் பட்டு இறந்தார்.

இரண்டு தரப்புக்கும் நடுவே குண்டு விழுந்து மொட்டையாகி நிற்கும் மரம் ஒன்றை ஓவியர் பார்த்து வரைந்துகொள்வார். பட்டறையில் அதே போல இரும்பில் பொள்ளல் மரம் செய்து, உள்ளே ஆள் ஏற ஏணி வைப்பார்கள். ஓர் இரவு, பீரங்கிச் சத்தத்தின் மறைவில், அசல் மரத்தை வெட்டிவிட்டு இதை நட்டுவிடுவார்கள். விடிந்தால் எதிரிக்கு அதே மரம். உள்ளே கண்காணிப்பாளர். பீரங்கியை மூட வலை கட்டினார்கள்; ஆரம்பத்தில் மீன் வலைதான். அதில் சணல் துண்டுகளையும் நார்களையும் முடிந்து தொங்கவிட்டார்கள். வலை பின்னத் தெரிந்த நம் கடற்கரைக்காரர்களுக்கு அது அரைநாள் வேலை.

கடலில் கதை வேறு. ஒரு சாயங்காலம் முட்டம் பாறை மேல் உட்கார்ந்து, தொலைவில் போகிற படகைப் பாருங்கள். அது நம் பக்கம் வருகிறதா, குறுக்கே போகிறதா என்று ஒரு நிமிஷம் குழப்பம் வரும். அணியம், அதாவது படகின் முன்முனை, எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் முடிவு செய்ய முடியும். 1917-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனுக்குப் போகும் சரக்குக் கப்பல்களை வாரிக்கொண்டிருந்தன. கப்பலை மறைக்க வழியே இல்லை. கடல் நிறம் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று; போதாக்குறைக்குப் புகைபோக்கிப் புகை வானம் வரை போகும். நார்மன் வில்கின்சன் என்ற கடல் ஓவியருக்கு வந்த யோசனை: மறைக்க முடியாவிட்டால் குழப்பிவிடு.

காரணத்தைப் புரிந்துகொள்ள நீர்மூழ்கித் தலைவனின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். தண்ணீருக்கு மேலே நீட்டிப் பார்க்கும் பெரிஸ்கோப் குழாயில் அவன் கொஞ்ச நேரம்தான் பார்க்க முடியும். டார்ப்பிடோ தண்ணீருக்குள் மெதுவாகப் போகிற குண்டு. கப்பல் நிற்கும் இடத்துக்கு விட்டால் அது போய்ச் சேர்வதற்குள் கப்பல் நகர்ந்திருக்கும். ஓடுகிறவன் மேல் பந்து எறிகிற மாதிரி, அவன் வரப்போகும் இடத்துக்கு எறிய வேண்டும். அதற்குக் கப்பலின் வேகம், திசை, தூரம் மூன்றையும் கண்ணால் அளக்க வேண்டும். வில்கின்சன் கப்பல் முழுக்க வரிக்குதிரை தோற்றுப்போகும்படி கோணல்மாணல் பட்டைகள் பூசினார். பொய் அணியம் ஒன்று தெரியும். பின்பக்கம் முன்பக்கம் போல இருக்கும். திசையில் சில பாகை தவறினால் போதும், டார்ப்பிடோ வெறுங்கடலில் போகும்.

லண்டன் ராயல் அகாடமி கட்டடத்தில் பட்டறை போட்டார். ஓவியம் படித்த பெண்கள் பலர் அங்கே வேலை பார்த்தார்கள். சின்ன மாதிரிக் கப்பலுக்கு வண்ணம் பூசி, சுழல்மேடையில் வைத்து, பெரிஸ்கோப் வழியாகப் பார்த்துக் குழப்பம் வருகிறதா என்று சோதிப்பார்கள். ஒரு கப்பல் போல இன்னொன்று இருக்காது. ஒரே கப்பலின் இரண்டு பக்கமும் கூட வேறு வேறு. போர் முடிவதற்குள் 2,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இந்த வேஷம் கட்டின. டாஸில் என்று பெயர். கண்ணைக் கூச வைப்பது என்று அர்த்தம். இவ்வளவும் செய்து பலன் இருந்ததா? பிரிட்டிஷ் கடற்படை குழு வைத்துப் பார்த்தும் கப்பல்கள் தப்பியது இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாலுமிகளுக்குத் தைரியம் வந்தது என்பது மட்டும் நிச்சயம்.

ஆனால் அழகு என்று பார்த்தால் அந்தக் கப்பல்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. லிவர்பூலில் பூச்சு வேலையை மேற்பார்த்த எட்வர்ட் வாட்ஸ்வர்த் அவற்றையே பெரிய ஓவியமாக 1919-ல் தீட்டினார். அதே ஆண்டு மார்ச்சில் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்த ஓவியர் சங்க விருந்துக்கு டாஸில்தான் கருப்பொருள். பட்டை பட்டையாக உடுத்திக்கொண்டு ஆணும் பெண்ணும் ஆடினார்கள். போர் முடிந்து நாலே மாதம். மிலிட்டரி டிசைனில் ஃபேஷன் என்பது நேற்று வந்த பழக்கம் என்று சித்தப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். நூறு வருஷம் தாண்டிவிட்டது.

ஏமாற்று வேலை என்று வந்துவிட்டால் நம் குளச்சலை விட்டுவிட முடியாது. 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர் படை குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்ட டி லனாய் பிறகு அதே மன்னரின் படைக்குத் தளபதியாகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். அந்தச் சண்டையைப் பற்றி ஊரில் ஒரு வாய்வழிக் கதை உண்டு: மன்னர் பனந்தடிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றி வரிசையாக நிறுத்தினாராம், கப்பலிலிருந்து பார்த்த டச்சுக்காரனுக்கு அத்தனையும் பீரங்கியாகத் தெரிந்ததாம். கதை கதைதான். ஆனால் வித்தை உண்மையானது. 1942-ல் எகிப்தின் எல் அலமைன் பாலைவனத்தில் ஜெஃப்ரி பார்க்காஸ் என்ற சினிமாக்காரர் தலைமையிலான குழு, டாங்கிகளின் மேல் லாரி மாதிரி கூடு கவிழ்த்து வடக்கே ஒளித்தது. தெற்கே பொய் டாங்கிகளை நிறுத்தி, காலி டின்களை வரிசையாகப் போட்டுப் பொய்யாகத் தண்ணீர்க் குழாயும் பதித்தது. குழாய் வேலை போகிற வேகத்தைப் பார்த்தால் தாக்குதலுக்கு இன்னும் நாளாகும், வந்தாலும் தெற்கே என்று ஜெர்மானியர்கள் கணக்குப் போட்டார்கள். அடி வடக்கே விழுந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் கையால் பூசியது. துணியில் திட்டை அச்சடித்து மொத்தமாக உற்பத்தி செய்தது 1929-ல் இத்தாலி; அதுவும் முதலில் கூடாரத் துணிக்குத்தான். அப்புறம் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா என்று ஒவ்வொரு நாடும் தன் காட்டுக்கும் பாலைக்கும் ஏற்ற அச்சை வைத்துக்கொண்டது. கட்டம் கட்டமாக இருக்கும் டிஜிட்டல் அச்சை 1990-களின் கடைசியில் கனடா கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் படம் மாதிரி இருப்பதால் ஏதோ மந்திரம் என்று தோன்றும். கிட்டே இருப்பவன் கண்ணுக்குச் சின்னக் கட்டம், தூரத்தில் இருப்பவனுக்கு அவை சேர்ந்து பெரிய திட்டு என இரண்டு தூரத்துக்கும் ஒரே துணி வேலை செய்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க ராணுவம் 2004-ல் எல்லா இடத்துக்கும் ஒரே சாம்பல் பச்சை அச்சு என்று ஆசைப்பட்டு, எங்குமே சரியாக மறையாமல், பத்தாண்டுக்குள் அதைக் கைவிட்டது. எல்லா ஊருக்கும் பொருந்துவது எந்த ஊருக்கும் பொருந்தாது. சித்தப்பாவின் கேள்விக்கு உள்ளே இருப்பது இந்தப் பாடம்தான்: முதலில் காட்டைச் சொல்லு, அப்புறம் கலரைச் சொல்லு.

இந்திய ராணுவத்தின் புதிய உடை 2022 ஜனவரி 15 ராணுவ நாள் அணிவகுப்பில் முதன்முதலாக வெளியே வந்தது. தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கல்லூரியான நிஃப்டுடன் சேர்ந்து உருவாக்கிய டிஜிட்டல் அச்சு. ஓவியரிடம் ஆரம்பித்த சமாச்சாரம் பிறகு ஃபேஷன் கல்லூரிக்கே போயிருக்கிறது பாருங்கள். டி.வி.யில் அதைப் பார்த்த சித்தப்பாவுக்கு அச்சில் குறையில்லை. சட்டையை வெளியே விட்டிருந்ததுதான் பொறுக்கவில்லை. "இன் பண்ணாம பரேடா?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, பட்டாளத்திலிருந்து கடைத்தெருவுக்கு வந்தது எப்படி? முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது: மலிவு. போர் முடிந்தால் ராணுவக் கிடங்கில் துணி மிஞ்சும். கெட்டியான துணி, நிறையப் பை, பாதி விலை. மீன் பிடிக்கிறவர், வேட்டைக்காரர், மாணவர் எல்லோரும் வாங்கினார்கள். இரண்டாவது காரணம் கோபம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களே 1970-களின் தொடக்கத்தில் அதே சீருடையைப் போட்டுக்கொண்டு போருக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். மறைவதற்காகக் கொடுத்த துணி, 'நான் அங்கே இருந்தேன், பார்த்தேன், வேண்டாம் என்கிறேன்' என்று சத்தம் போடும் துணியாயிற்று. எனக்குத் தெரிந்து இந்தத் துணியின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் அதுதான். அதற்குப் பிறகு அதை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பேச வைக்கலாம் என்றாகிவிட்டது. பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவோடு மேடையில் சாம்பல் நிற அச்சில் விறைப்பாக நின்ற ஆட்கள், நகரத்திலும் ஒரு போர் நடக்கிறது என்று சொன்னார்கள்.

அக்கா மகனின் ஊதாக் கால்சட்டைக்கு ஒரு தாத்தாவைக் காட்டச் சொன்னால் ஆண்டி வார்ஹாலைக் காட்டுவேன். 1986-ல், இறப்பதற்கு முந்திய ஆண்டு, அந்த அமெரிக்க ஓவியர் ராணுவத் திட்டுகளை அப்படியே எடுத்து ரோஸ், மஞ்சள், நீலம் என்று அடித்தார். தன் முகத்தின் மேலேயே அந்தத் திட்டுகளைப் போர்த்தி ஒரு சுயஉருவமும் செய்தார். வடிவம் அப்படியே இருக்கிறது, நிறத்தை மட்டும் திருப்பிவிட்டார். மறைக்கும் வேலை போய்விட்டது. மிஞ்சியது வெறும் கோலம். ஸ்டீபன் ஸ்ப்ரவுஸ் என்ற உடை வடிவமைப்பாளர் அதை உடனே உடுப்பாக்கினார். 1993-ல் டோக்கியோவில் நிகோ தொடங்கிய பேப் என்ற கடை, திட்டுகளுக்குள் ஒரு குரங்குத் தலையை ஒளித்து வைத்து விற்றது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்தவன் இன்னொரு தெரிந்தவனை அடையாளம் கண்டுகொள்வான். மறைப்புக்குள்ளே ஒரு கையெழுத்து.

இதற்கு நேர் எதிராகப் போனவர் சீனக் கலைஞர் லியு போலின். பெய்ஜிங்கில் கலைஞர்கள் இருந்த குடியிருப்பை 2005-ல் இடித்தபோது, அந்த இடிபாட்டுக்கு முன்னால் உடம்பெல்லாம் இடிபாட்டின் நிறத்தையே பூசிக்கொண்டு அசையாமல் நின்று படம் எடுத்துக்கொண்டார். முதல் பார்வைக்குச் செங்கல் தெரியும், ஆள் தெரிய மாட்டார். பிறகு கண்கள் தெரியும். டாஸிலும் சாகவில்லை. வெளிவராத புதுக் காரைச் சாலையில் ஓட்டிப் பார்க்கும்போது கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டியிருப்பார்களே, அது வில்கின்சனின் கப்பல்தான். காரை மறைக்க முடியாது. வளைவு எங்கே, மடிப்பு எங்கே என்று போட்டிக் கம்பெனி கண்ணை அலைய விடுகிறார்கள்.

நம் நாட்டில் பலருக்கு ஓர்மை இருக்கிற காட்சி 2019 மார்ச் 8. ராஞ்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் இந்திய அணி மொத்தமும் இந்த அச்சுத் தொப்பியில் இறங்கியது. புல்வாமாவில் இறந்த வீரர்களுக்கு அஞ்சலி. தொப்பிகளைக் கொடுத்தவர் தோனி. அதே தொப்பியோடு வெஸ்ட் இண்டீஸில் ஆட்டம் பார்க்கப் போனால் சிக்கல். பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் போன்ற நாடுகளில் பொதுமக்கள் இந்த அச்சு எதையும் போடக் கூடாது, குழந்தைக்கும் சேர்த்துத்தான். சுற்றுலா போய்த் துணியைப் பறிகொடுத்து வந்தவர்கள் உண்டு. இந்தியாவில் படைவீரர் என்று நம்ப வைக்கும் எண்ணத்தோடு அவர்கள் உடையைப் போடுவது குற்றம். 2016-ல் பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு, ராணுவ உடை மாதிரியான துணியைப் பொதுமக்கள் போட வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. புது டிஜிட்டல் அச்சுக்கு 2022-ல் வடிவமைப்பு உரிமையும் பதிவு செய்துவிட்டார்கள். ஆகவே ஊதா நிறம் ஒரு வகையில் பாதுகாப்புதான். அதைப் போட்டவனை எந்த நாட்டுச் சிப்பாய் என்றும் யாரும் சந்தேகப்பட முடியாது.

இதையெல்லாம் படித்து வைத்துக்கொண்டு, பொங்கல் முடிந்த மறுநாள் நானும் அக்கா மகனும் சித்தப்பாவும் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் விளைக்குள் ஒரு சோதனை வைத்தோம். நீங்களும் செய்து பார்க்கலாம், செல்போன் போதும். இலை உதிர்கிற மாசம், தரையெல்லாம் துரு நிறம். பையன் 30 எட்டு தள்ளி நின்றான். போட்டோ எடுத்தோம். ஊதா பளிச்சென்று தெரிந்தது. அதே போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினோம். எனக்கே ஆச்சரியம்: கால்கள் பாதி காணாமல் போய்விட்டன, மேலே போட்டிருந்த வெள்ளை டீ-ஷர்ட் மட்டும் அந்தரத்தில் நின்றது. நிறம்தான் அவனைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. திட்டுகள் தம் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கின்றன.

சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "கலர் கிடக்கட்டும் மக்கா. அசைஞ்சா போச்சு. எங்க உஸ்தாத் முதல்ல சொல்லித் தந்ததே அதுதான்" என்றார். தோளில் கிடந்த வெள்ளைத் துவர்த்தை மடித்து என் கையில் கொடுத்தார். கட்டியிருந்தது சாயம் போன தவிட்டு நிறக் கட்டம் போட்ட சாரம். சட்டை இல்லை. எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு நடந்தார்.

நூறு எண்ணிவிட்டுத் திரும்பினோம். மரம், மரம், பால் வடியும் சிரட்டை, உதிர்ந்த இலை. பையன் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். நான் ஒவ்வொரு மூட்டாகக் கண்ணை ஓட்டினேன். மனிதர் விளையைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டார் என்று முடிவு கட்டிய நேரத்தில், பத்தெட்டு தூரத்தில், நாங்கள் இரண்டு தடவை பார்த்துத் தாண்டிய மரத்தடியிலிருந்து 'பட்' என்று ஒரு சத்தம்.

கொசு.